முடக்குவாதத்துக்கு வெளிநாட்டு வழிகாட்டுதல்: நம் தாலுகா ஆஸ்பத்திரிக்கு எப்படிப் பொருத்துவது?

உசிலை மருத்துவர்

வணக்கம். உசிலம்பட்டி வட்டாரத்தில் அரசு மருத்துவராக இருக்கிறேன். சுற்றியுள்ள ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களும் செவிலியர்களும் கையில் வைத்துக்கொள்ளும்படி, முடக்குவாத (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்ற மூட்டு நோய்) சிகிச்சைக்கு இரண்டு பக்க வழிமுறை ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். வாதநோய் மருத்துவ அமைப்புகளின் வழிகாட்டிகளான ஐரோப்பாவின் யூலார் 2022, அமெரிக்காவின் ஏ.சி.ஆர். 2021, ஆசிய பசிபிக் அமைப்பான ஆப்லார் 2018, நம் இந்திய வாதநோய் மருத்துவர் சங்கம் 2008இல் வெளியிட்ட கருத்தொற்றுமை ஆகியவற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அடிப்படையில் எல்லாமே ஒன்றைத்தான் சொல்கின்றன. நோய் உறுதியானதும், நோயையே அடக்கும் மாத்திரையான மெத்தோட்ரெக்ஸேட்டைத் தொடங்கு. நோய் முழுக்க அடங்குவது, முடியாவிட்டால் பெருமளவு அடங்குவது என்று இலக்கு வை. வீரியம் குறையாதவரை ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார். மூன்று மாதத்தில் முன்னேற்றம் இல்லை, அல்லது ஆறு மாதத்தில் இலக்கை எட்டவில்லை என்றால் சிகிச்சையை மாற்று.

‘நம் ஊருக்கு ஏற்ப மாற்றுவது’ என்றதும் எல்லோரும் விலை உயர்ந்த உயிரியல் ஊசிகளைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்கு அது இரண்டாவது கவலை. இந்நோய்க்கான மாத்திரைகளான மெத்தோட்ரெக்ஸேட், சல்ஃபாசலசின், ஹைட்ராக்ஸிக்ளோரோகுயின் மூன்றும் நம் நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவை. மெத்தோட்ரெக்ஸேட்டின் ஒரு வாரச் செலவு வெளிக்கடையில் வாங்கினாலும் ஒரு டீ, ஒரு வடைக்குள் அடங்கும். நம் இடத்தில் உடைவது ‘ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்’ என்ற அந்த ஒற்றை வரிதான்.

எழுமலைப் பக்கத்து அம்மா ஒருவர் மதுரைப் பெரியாஸ்பத்திரியில் பெயர் பதிந்து, ரத்தம் கொடுத்து, மருந்து வாங்கித் திரும்ப ஒரு முழு நாள் ஆகிறது. அன்றைய கூலி போகிறது. மாத்திரை தொடங்கிய உற்சாகத்தில் ஒருமுறை போவார், வலி கொஞ்சம் குறைந்ததும் நின்றுவிடுவார். அடுத்து எங்களிடம் வரும்போது தொடக்கத்தில் எழுதிய அதே 7.5 மி.கி. சீட்டுதான் கையில் இருக்கும், விரல் கணு வீங்கியிருக்கும்.

என் கேள்வி இதுதான்: மூன்றாவது மாதம் இந்த நோயாளியை யார் பார்ப்பது, எதை வைத்து அளப்பது, எப்போது மதுரைக்கு அனுப்புவது?

வழிகாட்டி ஆய்வாளர்

டாக்டர், நல்ல முயற்சி. நான் மருத்துவன் இல்லை, பொதுச் சுகாதாரத்தில் ஆய்வு செய்பவன். இதற்கென்று முறையான வழி ஒன்று இருக்கிறது. மருத்துவப் பரிந்துரைகளுக்கான சான்றுகளை எடைபோடும் கிரேடு குழுவினர் 2017இல் வெளியிட்ட முறைப்படி, வெளிநாட்டு வழிகாட்டியின் ஒவ்வொரு பரிந்துரையையும் மூன்றில் ஒன்றாக நடத்தலாம்: அப்படியே ஏற்கலாம், திருத்தி ஏற்கலாம், அல்லது புதிதாக எழுதலாம். ஏ.சி.ஆரின் 2015 முடக்குவாத வழிகாட்டியைக் கிழக்கு மத்திய தரைக்கடல் நாடுகளுக்குப் பொருத்தியபோது இதைத்தான் செய்தார்கள். மூலத்தில் இருந்த ஆய்வுச் சான்றுகளை அவர்கள் தூக்கிப்போடவில்லை. அந்தச் சான்றுகளோடு உள்ளூர் விலை, மருந்து கிடைக்கும் நிலை, ஏழைகளுக்கு எட்டுமா, நோயாளிகள் எதை விரும்புகிறார்கள் என்பதையும் வைத்து மறுபடி தீர்மானித்தார்கள். சில பரிந்துரைகள் மாறின.

அதனால் என் யோசனை: உங்கள் இரண்டு பக்கத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் பக்கத்திலேயே காரணத்தை ஒரு வரி எழுதுங்கள். ‘யூலார் இப்படிச் சொல்கிறது, நாங்கள் இதைச் செய்கிறோம், காரணம் இது’ என்று. இல்லையென்றால் இரண்டு வருடம் கழித்து வருகிற புது மருத்துவருக்கு எது அறிவியல், எது வசதிக்குறைவால் செய்த சமரசம் என்று தெரியாது. ஆய்வகம் வந்த பிறகும் சமரசமே நடைமுறையாகிவிடும்.

வாதநோய் மாணவி

டாக்டர், ‘எதை வைத்து அளப்பது’ என்பதற்குப் பதில் சொல்கிறேன். நோயின் வீரியத்தை அளக்கும் முறைகளில் சி.டி.ஏ.ஐ. மதிப்பெண்ணை வையுங்கள். டாஸ் 28 வேண்டாம்.

டாஸ் 28க்கு ஈ.எஸ்.ஆர். அல்லது சி.ஆர்.பி. என்ற ரத்தப் பரிசோதனை வேண்டும். முடிவு வரும்வரை நோயாளி காத்திருக்க மாட்டார். இன்னொரு முக்கியமான விஷயம், நம் பெண்களுக்கு ரத்தசோகை அதிகம். ரத்தசோகையே ஈ.எஸ்.ஆரை ஏற்றிவிடும். மூட்டு அடங்கிய பிறகும் மதிப்பெண் இறங்காது, நாம் தேவையில்லாமல் மருந்தைக் கூட்டுவோம்.

சி.டி.ஏ.ஐ.க்குக் கையும் கண்ணும் போதும். தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல் கணுக்கள், முழங்கால் என 28 மூட்டுகளில் தொட்டால் வலிப்பது எத்தனை, வீங்கியது எத்தனை என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கைகளோடு, நோயாளி தன் நிலைக்குப் பத்துக்குக் கொடுக்கும் மதிப்பெண்ணையும் (பத்து என்றால் மிக மோசம்), மருத்துவர் கொடுப்பதையும் கூட்டுங்கள். 2.8 வரை என்றால் நோய் அடங்கிவிட்டது. 10 வரை குறைந்த வீரியம், 22 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. பயிற்சி கொடுத்தால் செவிலியரே மூட்டு எண்ணிவிடலாம்.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். அந்த 28இல் பாதம் இல்லை. வயலில் வெறுங்காலோடு நிற்கிறவர்களுக்குக் கால்விரல் அடி மூட்டில்தான் முதலில் தெரியும். அதனால் மதிப்பெண்ணில் சேராவிட்டாலும் பாதத்தை அமுக்கிப் பார்க்கச் சொல்லி ஒரு வரி போடுங்கள்.

மல்லிப்பூ

எங்கள் அம்மாவுக்கு முடக்குவாதம். உள்ளே வந்து பேசலாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அந்தப் ‘பத்துக்கு எத்தனை’ கேள்வியை அம்மாவிடம் எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். அம்மா எப்போதும் ‘அஞ்சு’ என்பார். படுக்க வைத்த நாளிலும் அஞ்சு, நன்றாக நடந்த நாளிலும் அஞ்சு. டாக்டர் எழுதிக்கொள்வார்.

அம்மா பூக்கட்டுகிறவர். மாட்டுத்தாவணியிலிருந்து மொட்டு வந்ததும் வாழைநாரை நனைத்து உட்காருவார். நோய் வந்ததை நாங்கள் முதலில் கண்டுபிடித்ததே அதில்தான். இடது கையில் நாலு மொட்டை எதிரெதிராக வைத்துப் பிடித்து, வலது கையால் நாரைச் சுற்றி முடிச்சை இறுக்கும்போது கட்டைவிரல் ஒத்துழைக்கவில்லை. பூ நழுவி விழுந்தது. முடிச்சு தளர்வாக இருக்கிறது என்று வாடிக்கைக்காரர்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். காலையில் கை மடங்கவே ஏழு, எட்டு மணி ஆகிவிடும், அதற்குள் பூவுக்கு விலை போய்விடும்.

இப்போது பார்க்கிற டாக்டரம்மா பத்துக்குக் கேட்பதற்கு முன்னால், ‘காலையில் எத்தனை மணிக்குக் கட்ட உட்கார்ந்தீங்க, எத்தனை முழம் ஓடுச்சு’ என்று கேட்கிறார். அதற்கு அம்மா பொய் சொல்ல மாட்டார். அப்புறம் அவர்களே பேசிப் பத்துக்கு ஒரு எண் போடுகிறார்கள். இந்த மாதிரி கேட்கச் சொல்லி உங்கள் தாளில் எழுத முடியுமா?

உசிலை மருத்துவர்

@மல்லிப்பூ கட்டாயம் எழுதுகிறேன் தங்கச்சி. ‘நோயாளி செய்யும் வேலையைக் கேள், எத்தனை மணிக்குத் தொடங்க முடிந்தது என்று கேள், பிறகு எண்ணைக் கேள்’ என்று அப்படியே சேர்த்துவிட்டேன். காலை விறைப்பு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதும் இதிலேயே வந்துவிடுகிறது.

திருமங்கலம் பிசியோ

இதை ஒட்டியே ஒன்று. செயல்திறன் கேள்வித்தாள்களில் நாற்காலியிலிருந்து எழுவதைக் கேட்பார்கள். இந்தியாவுக்கென்று மாற்றியமைத்த கேள்வித்தாளில் சம்மணமிட்டு உட்கார்வது, குத்துக்காலிட்டு உட்கார்வது வருகிறது. நம் வீடுகளில் சாப்பாடு, கழிப்பறை, அரிவாள்மனை எல்லாம் தரையில்தான். ஆகவே அதைப் பயன்படுத்துங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவம் ஏற்கெனவே வீட்டுக்கு வருகிறது. இந்த நோயாளிகளின் பெயரையும் அந்தப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள்.

மேலூர் மருந்தாளுநர்

டாக்டர், மருந்துச் சிக்கல் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். விலையில் சிக்கல் இல்லை, சரி. கொடுக்கும் விதத்தில் பெரிய சிக்கல் இருக்கிறது.

மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒருநாள் மட்டும் சாப்பிடுவது. தினமும் சாப்பிட்டால் வாய் வெந்து, ரத்த அணுக்கள் விழுந்து, உயிரே போகும். உலகம் முழுக்க நடக்கிற தவறு இது. நம் ஊரில் இன்னும் எளிதாக நடக்கும். காரணம், நம்மவர்களுக்கு மாத்திரை என்றால் ‘காலை ஒன்று, ராத்திரி ஒன்று’தான். சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரையோடு ஒரே மஞ்சள் பையில் இதுவும் கிடக்கும். பக்கவிளைவைக் குறைக்கக் கூடவே எழுதுகிற ஃபோலிக் அமிலமும் சின்ன மாத்திரை, பல கம்பெனிகளில் இரண்டுமே மஞ்சள். பிராண்டுப் பெயர்களும் பலவற்றில் ‘ஃபோ’ என்றே தொடங்குகின்றன. ஒன்றைக் கேட்டு வந்தவருக்கு இன்னொன்று போய்விடும்.

நான் செய்வது இது. சீட்டில் ‘வாரம் ஒருமுறை’ என்று மட்டும் இருந்தால் மருத்துவரிடம் கேட்டுக் கிழமையை எழுதி வாங்குவேன். அட்டையை முழுதாகக் கொடுக்க மாட்டேன். நாலு வாரத்துக்கு நாலு சின்னக் கவர், ஒவ்வொன்றிலும் பெரிதாகக் கிழமை. படிக்கத் தெரியாதவர்களிடம் ‘சந்தைக்குப் போற நாளா, கோயிலுக்குப் போற நாளா’ என்று கேட்டு அந்த நாளையே வைத்துக்கொள்ளச் சொல்வேன். ஃபோலிக் அமிலத்துக்கு வேறு கிழமை, வேறு நிறக் கவர். ஒரே அளவு மாத்திரையையே எழுதுங்கள் டாக்டர். ஒரு மாதம் 2.5இல் நாலு, அடுத்த மாதம் 10இல் ஒன்று என்று மாற்றினால், அந்த அம்மா 10இல் நாலு போட்டுவிடுவார்.

ஒரே தடவையில் மூன்று மாதத்துக்கு எழுதுவதும் வேண்டாம். ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு அடுத்த கவர் என்று வைத்தால்தான் பரிசோதனை நடக்கும்.

வாதநோய் மாணவி

அண்ணே, நீங்கள் சொன்னதில் ஒவ்வொரு வரியும் தேவை. அளவைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். நாலு முதல் ஆறு வாரத்துக்குள் 15 மி.கி.க்கு ஏற்றச் சொல்கிறது ஏ.சி.ஆர். 7.5இல் தொடங்குவதா, 15இல் தொடங்குவதா என்று சண்டிகரில் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வில், இரண்டும் பன்னிரண்டு வாரத்தில் ஏறத்தாழ ஒரே பலனைத்தான் தந்தன. ஆகவே ஒல்லியான, ரத்தசோகை உள்ள நம் பெண்களுக்குக் குறைவாகத் தொடங்குவதில் தவறில்லை. அந்த 7.5இலேயே விட்டுவிடுவதுதான் தவறு. இரண்டு வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒரு படி என்று ஏற்ற வேண்டும். அதற்குத்தான் மூன்றாவது மாதப் பார்வை.

தொடங்கும் முன் ரத்த அணுக்கள், கல்லீரல், கிரியேட்டினின், ஹெபடைடிஸ் பி, சி, நெஞ்சு எக்ஸ்ரே. முதல் மூன்று மாதம் இரண்டு முதல் நாலு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம், பிறகு இடைவெளி கூட்டலாம். இந்த ரத்தத்தை மதுரையில்தான் எடுக்க வேண்டும் என்று எந்த வழிகாட்டியிலும் இல்லை. வட்டார சுகாதார நிலைய ஆய்வகம் போதும். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமும் கிடையாது.

கருத்தரிக்கும் வயதில் இருப்பவர்களிடம் முதல் நாளே பேசிவிடுங்கள். மெத்தோட்ரெக்ஸேட் கருவைச் சிதைக்கும், ஊனமாக்கும். குழந்தைக்குத் திட்டமிட்டால் ஒன்று முதல் மூன்று மாதம் முன்பே நிறுத்தி, சல்ஃபாசலசினுக்கோ ஹைட்ராக்ஸிக்ளோரோகுயினுக்கோ மாற்ற வேண்டும். மாமியார் பக்கத்தில் நிற்கும்போது இதைக் கேட்டால் பதில் வராது. தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

கண் மருத்துவ உதவியாளர்

ஹைட்ராக்ஸிக்ளோரோகுயின் என்றதும் வந்துவிட்டேன். பழக்கத்தில் எல்லோருக்கும் 400 மி.கி. எழுதுகிறார்கள். கண் பாதுகாப்புக்கான வரம்பு உடல் எடையில் கிலோவுக்கு 5 மி.கி. அப்படிப் பார்த்தால் 400 என்பது 80 கிலோ ஆளுக்கு. நம்மிடம் வருகிற 40 கிலோ அம்மாவுக்கு 200தான் வரம்பு. தொடங்கிய ஓராண்டுக்குள் ஒருமுறை விழித்திரை பார்க்க வேண்டும், ஐந்தாண்டு ஆனதும் ஆண்டுதோறும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் இன்னும் முன்பே. கண் பரிசோதனைக்கு மதுரைக்காரர்களுக்குக் குறையே இல்லை, சீட்டில் எழுதி அனுப்பினால் போதும்.

அரவிந்த் கண் மருத்துவமனையை உருவாக்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி முடக்குவாத நோயாளி. முப்பது வயதளவில் வந்த நோய் விரல்களைக் கோணலாக்கிவிட்டது. மகப்பேறு மருத்துவர் ஆக நினைத்தவர் கண் மருத்துவத்துக்கு வந்தார். அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகி ஒரு லட்சத்துக்கும் மேல் அறுவை செய்தார். 1976இல் அரசுப் பணி ஓய்வுக்குப் பிறகு 11 படுக்கைகளோடு அரவிந்தைத் தொடங்கினார். அவருக்கு நோய் வந்த 1940களில் முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் கிடையாது. இன்று மருந்து இருந்தும் நம் பக்கத்துப் பெண்களின் விரல் கோணுவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை, அதனால்தான் எழுதினேன்.

உசிலை மருத்துவர்

80 கிலோ கணக்கை அப்படியே தாளில் போடுகிறேன், மிக்க நன்றி.

அடுத்தது ஸ்டீராய்டு. இங்கே எனக்கு உண்மையிலேயே குழப்பம். மருந்து தொடங்கும்போது குறுகிய காலம் கொடுக்கலாம், கூடிய சீக்கிரம் குறைத்து நிறுத்து என்கிறது யூலார். ஏ.சி.ஆர். குறுகிய காலத்துக்குக்கூடத் தயங்குகிறது, மூன்று மாதத்துக்கு மேல் என்றால் உறுதியாக வேண்டாம் என்கிறது. நான் யூலார் பக்கம். மெத்தோட்ரெக்ஸேட் வேலை செய்ய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். அதுவரை வலியோடு விட்டால் நோயாளி நம்மை விட்டுப் போய்விடுவார்.

மேலூர் மருந்தாளுநர்

எங்கே போவார் என்று எனக்குத் தெரியும். கவுண்டரில் வந்து ‘அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை குடுங்க’ என்பார். பேர் தெரியாது, உடைத்த அட்டையைக் காட்டுவார். பார்த்தால் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு. சீட்டு இல்லாமல் நான் கொடுப்பதில்லை, கொடுக்கிற இடம் இருக்கிறது. முகம் உப்பி, சர்க்கரை ஏறி, எலும்பு நொறுங்கிய பிறகுதான் உங்களிடம் வருவார்கள். டாக்டர் எழுதினாலும் நோயாளியின் மனதில் பதிவது ‘இதுதான் கேட்கிற மாத்திரை’ என்பதுதான். அடுத்த முறை அதை மட்டும் வாங்கிக்கொண்டு மெத்தோட்ரெக்ஸேட்டை விட்டுவிடுவார். அதனால் நான் ஏ.சி.ஆர். பக்கம்.

வாதநோய் மாணவி

இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. என் கருத்து: பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு தினம் 7.5 மி.கி.க்கு மேல் ஆரம்ப நிலையத்தில் வேண்டாம், நிறுத்தும் தேதி சீட்டிலேயே இருக்க வேண்டும். மாதக்கணக்கில் ஏற்கெனவே சாப்பிட்டவர்களுக்கு மட்டும் திடீரென நிறுத்தாமல் படிப்படியாகக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் உயிருக்கே ஆபத்து. மற்றபடி இதில் ஒரே பதில் கிடையாது.

கிராம செவிலியர்

காசநோயைப் பற்றி யாரும் பேசவில்லையே?

வாதநோய் மாணவி

அக்கா, அதுதான் ஐரோப்பிய வழிகாட்டியை அப்படியே எடுக்க முடியாததற்கு முதல் காரணம். உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். டி.என்.எஃப். என்ற அழற்சிப் புரதத்தைத் தடுக்கும் உயிரியல் ஊசிகள் உள்ளே தூங்கும் காசநோயை எழுப்பிவிடும். அதனால் ஊசிக்கு முன் எக்ஸ்ரே, தோல் அல்லது ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் தடுப்பு மருந்து. தேசிய காசநோய்த் திட்டத்தின் தடுப்பு மருந்துப் பட்டியலிலேயே இந்த ஊசி போடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

அதைவிட எனக்குப் பெரிய கவலை டோஃபாசிட்டினிப் என்ற மாத்திரை. இந்தியக் கம்பெனிகள் மலிவாகச் செய்கின்றன. ஊசி இல்லை, குளிர்பெட்டி வேண்டாம், அதனால் சட்டென்று எழுதிவிடுகிறார்கள். 2022இல் வெளியான பெரிய ஆய்வில், இதய நோய்க்கான காரணி ஏதாவது உள்ள 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம், டி.என்.எஃப். ஊசிகளை விட இதில் மாரடைப்பு போன்றவையும் புற்றுநோயும் அதிகமாகத் தெரிந்தன. அக்கியும் அதிகம் வரும். இதை எழுதும் முன், மெத்தோட்ரெக்ஸேட், சல்ஃபாசலசின், ஹைட்ராக்ஸிக்ளோரோகுயின் மூன்றையும் சேர்த்து முழு அளவில் கொடுத்துப் பார்த்தோமா என்று கேளுங்கள். மெத்தோட்ரெக்ஸேட் மட்டும் போதாதவர்களுக்கு இந்த மூன்றின் கூட்டு, எட்டனர்செப்ட் ஊசியோடு மெத்தோட்ரெக்ஸேட் சேர்த்ததற்குச் சளைத்ததில்லை என்று 2013இலேயே காட்டிவிட்டார்கள். நம் வசதிக்கு இதைவிடப் பொருத்தமான சான்று வேறில்லை. ஊசியே தேவைப்படுகிறவர்களும் உண்டு, அவர்களை மறுக்கக் கூடாது. டி.என்.எஃப். ஊசிகளில் ஒன்றான அடலிமுமாப்பின் முதல் ஒத்த மருந்து (அதே பலன் தரும் நகல்) 2014இல் இந்தியாவில்தான் வந்தது, விலையும் இறங்கியிருக்கிறது.

கிராம செவிலியர்

இன்னொன்றும் சேருங்கள். சிக்குன்குனியா வந்த ஊர்களில் மாதக்கணக்கில் மூட்டு வீங்கியபடி இருக்கிறார்கள், 2006இல் இதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். காய்ச்சல் எப்போது வந்தது, வீட்டில் எத்தனை பேருக்கு வந்தது என்று கேட்காமல் முடக்குவாதம் என்று முத்திரை குத்த வேண்டாம். மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் மட்டும் மதுரைக்கு அனுப்பலாம்.

முடக்கத்தான் ரசம், தைலம் எல்லாம் வைத்துக்கொள்ளட்டும், சண்டை போடாதீர்கள். திட்டினால் சொல்லாமல் மறைப்பார்கள். பெயர் தெரியாத பொடி, சூரணம் சாப்பிடுகிறார்களா என்று மட்டும் அமைதியாகக் கேளுங்கள், கல்லீரல் பரிசோதனையைப் படிக்கும்போது அது தேவைப்படும்.

உசிலை மருத்துவர்

எல்லோருக்கும் நன்றி. தாளின் முதல் பக்கத்தை இப்படி மாற்றுகிறேன். நோயை உறுதி செய்வதும் மருந்தைத் தொடங்குவதும் மதுரையில் வாதநோய்ப் பிரிவில். ரத்தம் எடுப்பதும் கவரில் கிழமை எழுதிக் கொடுப்பதும் ஆரம்ப சுகாதார நிலையத்தில். மூன்றாம் மாதம் மூட்டு எண்ணுவது எங்கள் மருத்துவமனையில். முழு அளவு மெத்தோட்ரெக்ஸேட் கொடுத்த பிறகும் ஆறாம் மாதம் மதிப்பெண் 10ஐத் தாண்டினால் மறுபடி மதுரை. மூன்றாம் மாதமே 22க்கு மேல் இருந்தால் காத்திருக்காமல் அனுப்புவது. ஸ்டீராய்டுக்கு இரண்டு கருத்தையும் எழுதி, நிறுத்தும் தேதியைக் கட்டாயமாக்குகிறேன்.

மேலூர் மருந்தாளுநர்

தேதி கட்டாயம் என்றால் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஸ்டீராய்டு சீட்டும் மெத்தோட்ரெக்ஸேட் சீட்டும் ஒரே தாளில் இருக்கட்டும். தனித்தனியாக இருந்தால் ஒன்று மட்டும்தான் கடைக்கு வரும்.

மல்லிப்பூ

ஒரு சந்தேகம். ரத்தப் பரிசோதனைத் தாள் ஒரு இடத்தில், மூட்டு எண்ணுவது இன்னொரு இடத்தில் என்றால், அம்மா இரண்டு நோட்டு தூக்க வேண்டுமா? நோட்டைத் தொலைத்துவிட்டால் எல்லாம் முதலிலிருந்தா?

உசிலை மருத்துவர்

ஒரே நோட்டு தங்கச்சி. கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் அட்டை மாதிரி அச்சடிக்கக் கேட்டிருக்கிறேன்: ரத்த முடிவு, மதிப்பெண், மாத்திரைக் கிழமை, ஸ்டீராய்டு நிறுத்தும் தேதி. சுகாதார நிலையத்தில் அதன் நகல் ஒன்று இருக்கும். அச்சு வரும்வரை 40 பக்க நோட்டில் கோடு போட்டு ஆரம்பிக்கிறோம்.